மல்லாட்டை என்று சொல்லும் ஊர்

காலை ஏழு மணிக்கு மேல் சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் ஓரமாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் போதும். எந்த பஸ் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. இறங்குகிறவர்களின் பேச்சே சொல்லிவிடும்.

திருவண்ணாமலைப் பக்கத்து வண்டி வந்து நிற்கிறது. "நீ புள்ளயத் தூக்கிக்கினு எறங்கு, மூட்டைய நான் எடுத்துக்கினு வரேன்" என்று ஒரு பெண் கணவனை அவசரப்படுத்துகிறாள். அடுத்து வந்த கள்ளக்குறிச்சி வண்டியில் அதே பேச்சு "தூக்கிகிட்டு எறங்கு, எடுத்துகிட்டு வரேன்" என்று கேட்கிறது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர், படியை மறித்து நிற்பவரிடம், "கொஞ்சம் தள்ளிக்கங்க, மூட்டை எறக்கணுங்க" என்கிறார். எழுத்தில் 'கொண்டு' என்று இருக்கும் ஒரே சொல் வடக்கே போகப் போகக் 'கினு' ஆகிறது, தெற்கே 'கிட்டு' ஆகிறது. மேற்கே சேலத்துப் பேச்சு நெருங்க நெருங்க வாக்கியத்தின் வாலில் 'ங்க' ஒட்டிக்கொள்கிறது. இந்த மூன்றும் இங்கே ஒரே நிழற்கூரையின் கீழ் நின்று, ஒன்றையொன்று புரிந்துகொண்டு, ஒரே கடையில் டீ குடிக்கின்றன.

ஊர் இருக்கிற இடம் அப்படி. வடக்கே மூங்கில்துறைப்பட்டும் தென்பெண்ணையும், அதைத் தாண்டித் திருவண்ணாமலை. கிழக்கே திருக்கோவிலூர். தெற்கே கள்ளக்குறிச்சி. மேற்கே கல்வராயன் மலை, மலைக்கு அப்பால் சேலம் மாவட்டம். பழைய தென்னார்க்காட்டில் இருந்த ஊர், 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், பேச்சுக்கு இந்தப் பகுதியின் பழைய பெயர்தான் பொருந்துகிறது. சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் இடைப்பட்ட இதைச் சைவர்கள் நடுநாடு என்றார்கள். பாடல் பெற்ற தலங்களில் 22 இந்த நாட்டின் கணக்கில் வருகின்றன. நடுவில் இருக்கிற நாட்டின் பேச்சில் நாலு பக்கத்துச் சாயலும் இருப்பது இயல்பு.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவுகிறார்: "சங்ராபொரம் எறங்கு, சங்ராபொரம்!" பலகையில் சங்கராபுரம். தியாகதுருகம் அவர் வாயில் 'தியாதுருவம்'. திருக்கோவிலூர் 'திருக்கோலூர்'. மூங்கில்துறைப்பட்டு 'மூங்கத்தொறப்பட்டு'. கச்சிராயர் என்ற பட்டத்தைத் தாங்கிய கச்சிராயபாளையம் 'கச்சிராபாளையம்'. சுவரில் எழுதப்படும் விளம்பரங்களில் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விதமாக இருக்கின்றன. எழுதியவர்களில் சிலர் பலகையைப் பார்த்து எழுதினார்கள், சிலர் காதால் கேட்டதை எழுதினார்கள்.

மலையின் பெயரே இதற்கு நல்ல சாட்சி. மாவட்ட நிர்வாகம் கல்வராயன்மலை என்று எழுதுகிறது. மக்கள் 'கல்ராய மல' என்கிறார்கள். 1906-இல் பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இந்த மலையைக் 'கல்ராயன்' என்றுதான் குறிக்கிறது. வெளியிலிருந்து வந்த அதிகாரியின் காதுக்கு எட்டியது மக்களின் வாய்மொழி, அதையே அரசாங்கப் புத்தகத்தில் ஏற்றினார்கள். நூறு ஆண்டு கடந்தும் இரண்டு வடிவமும் அச்சில் நடமாடுகின்றன. எழுத்து பேச்சைத் திருத்துவதாகத்தான் நாம் நினைக்கிறோம். பேச்சும் எழுத்தின் கையைப் பிடித்து எழுத வைக்கிறது என்பதற்கு ஒரு மலையே சாட்சியாக நிற்கிறது.

டீக்கடைக்கு வெளியே போட்ட பெஞ்சில் இரண்டு பேர். இருவர் கையிலும் கண்ணாடி கிளாஸ்.

"கொல்லிக்குப் போவலியா மாமா?"

"போவணும். கரண்டு வரட்டும்னு பாக்கறேன்."

"மல்லாட்ட புடுங்கியாச்சா?"

"எங்க? ஆளு கெடைக்கல. வூட்டு ஆளுங்கள வச்சியே புடுங்கிடலாம்னு இருக்கேன். நாளு ஆவும்."

இந்த நாலு வரிப் பேச்சைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினால் சிவப்பு மையால் ஏழெட்டு இடத்தில் சுழித்துவிடுவார்கள். ஆனால் காது கொடுத்துக் கேட்டால், அதில் ஒன்றுகூடத் தாறுமாறாக வந்ததில்லை.

'பிடுங்கு' ஏன் 'புடுங்கு' ஆயிற்று? 'வீடு' ஏன் 'வூடு' ஆயிற்று? உதட்டின் துணையால் பிறக்கும் ப, ம, வ என்ற ஒலிகளில் சொல் தொடங்கி, நடுவில் இகரமோ எகரமோ நின்று, அடுத்து நாக்கை மேலே மடித்துச் சொல்லும் ட, ண, ள போன்ற ஒலி வந்தால், நடுவில் நிற்கும் உயிர் உதட்டைக் குவித்துக்கொண்டு உகரமாகவோ ஒகரமாகவோ மாறுகிறது. பிள்ளை புள்ள, பெண் பொண்ணு, பெட்டி பொட்டி, வேண்டும் வோணும் எல்லாம் இந்த வரிசைதான். நாக்கை மடிக்காத ஒலி வரும் இடத்தில் இந்த மாற்றம் பெரும்பாலும் நடப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட 'மீன்' என்பதை 'மூன்' என்று சொல்வதில்லை. 'விசிறி' அவள் வாயில் 'வுசிறி' ஆவதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத இந்த விதியை ஊரே தப்பாமல் கடைப்பிடிக்கிறது.

'கிடைக்கவில்லை' என்பது 'கெடைக்கல' ஆனதற்கும் காரணம் உண்டு. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், முன்னால் நிற்கும் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் இறங்குகிறது. இலை எல, விலை வெல, நிலம் நெலம், குடம் கொடம், துடைப்பம் தொடப்பம். சங்கராபுரம் 'சங்ராபொரம்' ஆனதும் இந்த வழியில்தான். கிளி கிளியாகவே இருக்கிறது, புலி புலியாகவே இருக்கிறது, ஏனென்றால் அங்கே அடுத்து அகரம் இல்லை. இது தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் மாற்றம். 'ஆகும்' என்பது 'ஆவும்' என்றும் 'போக' என்பது 'போவ' என்றும் ஆவது நடுநாட்டிலும் வடக்கிலும் அழுத்தமாகக் கேட்கும்.

ழகரத்தின் கதை வேறு. மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கம் பெரும்பாலும் அது ளகரத்தில் போய்ச் சேர்கிறது. சென்னை, வேலூர்ப் பக்கம் யகரத்தில் சேர்கிறது. சங்கராபுரம் கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டியில் "வாளப்பளம்" என்ற குரலும், அடுத்த வண்டியில் "வாயப்பயம்" என்ற குரலும் கேட்கிறது. வாங்குகிறவர்களுக்கு இரண்டும் ஒரே சீப்புதான். இன்னும் சற்று வடக்கே போனால் 'இழுத்து' என்பது 'இஸ்து' என்று கேட்கும். ஒரே ழகரம் ஊருக்கு ஊர் வேறு வேறு ஒலியாகப் பிரிந்து போயிருக்கிறது. அதைப் பிசகாமல் ஒலிக்கத் தெரிந்தவர்களும் இதே தெருவில் இருக்கிறார்கள்.

பகல் ஏறியதும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பக்கம் கூட்டம் திரும்புகிறது. மக்காச்சோளம், உளுந்து, எள், கம்பு, நிலக்கடலை என்று சாக்குகள் வந்து இறங்குகின்றன. ஒரு சாக்கின் வாய் பிரிந்திருக்கிறது. உள்ளே காய்ந்த மண் ஒட்டிய கடலைக் காய்கள். சாக்குக்குச் சொந்தக்காரி நடுவயதுப் பெண். ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறாள், உள்ளே பருப்பு கடகடவென்று ஆடுகிறது, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெருவிரலால் நெரித்து உடைத்து, பருப்பை உள்ளங்கையில் வைத்து வியாபாரிக்குக் காட்டுகிறாள். "நல்லா வெளஞ்ச மல்லாட்டங்கண்ணா. தண்ணி பட்டதில்ல." வியாபாரி பருப்பை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டுகிறார். மறைமுக ஏலம் முடிந்ததும் விலைப்பட்டியலில் அந்தச் சரக்கு 'மணிலா' என்ற பெயரில் ஏறுகிறது. அவள் மகன் படிக்கும் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் நிலக்கடலை. எதிர்க் கடையில் தொங்கும் பாக்கெட்டில் வேர்க்கடலை.

அவள் சொன்ன மல்லாட்டைக்குள் ஒரு கடல் பயணம் இருக்கிறது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் பல நாடுகளைச் சுற்றி இங்கே வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பெயரோடு வந்ததால் மணிலாக்கொட்டை ஆயிற்று. நாக்கில் புரண்டு மல்லாக்கொட்டை, பிறகு மல்லாட்டை. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்த வணிகத்தின் நினைவைப் பாடப்புத்தகத்து நிலக்கடலை சுமக்கவில்லை. விலைப்பட்டியலின் மணிலாவும், இந்தப் பெண்ணின் மல்லாட்டையும்தான் சுமக்கின்றன. இலங்கையில் இதே கடலைக்குக் கச்சான் என்று பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வழி உண்டு. ஐந்து பெயரில் ஒன்று மட்டும் சரி என்று சொல்லி மற்ற நான்கையும் அழித்தால், நான்கு வழிகள் அழிந்துபோகும்.

கேழ்வரகும் அப்படித்தான். கூழ்க்காரம்மா பானைக்குப் பின்னால் உட்கார்ந்து "கேவுரு கூழு" என்கிறாள். தெற்கத்தியார் கேப்பை என்பதையும், தருமபுரிப் பக்கம் ராகி என்பதையும் அவளும் கேட்டிருக்கிறாள். சில சொற்களுக்கு ஊர் மாறினால் பொருளும் மாறுகிறது. தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். இங்கே 'கொல்லி' என்றால் மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக விளையும் மேட்டு நிலம். "கொல்லிக்குப் போறேன்" என்று சொல்லிப் புறப்படுகிறவர் ஒரு நாள் உழைப்புக்குப் புறப்படுகிறார்.

நண்பகல் வண்டியில் மலையிலிருந்து நாலைந்து பெண்கள் இறங்குகிறார்கள். சேராப்பட்டு, வெள்ளிமலை, இன்னாடு என்று மேலே இருக்கும் ஊர்களிலிருந்து கடுக்காயும் சாமையும் இந்தச் சந்தைகளுக்கு வருவது நெடுநாள் வழக்கம். இவர்கள் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. வீட்டில் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக அவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்கிறது.

இறங்கிய பெண்கள் மரத்தடியில் சுமையை வைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசுகிறார்கள். பேச்சில் ஓர் ஏற்ற இறக்கம், நடுவில் சிரிப்பு, ஒருத்தி சொல்லி முடிக்கும் முன் இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்கிறார். அந்தக் கணத்தில் பேச்சு சுருங்கிவிடுகிறது. கையை நீட்டிக் காட்டுகிறார்கள். "இது." "எவ்ளோ?" "குடு." ஒற்றைச் சொல்லுக்கு மேல் வாய் திறப்பதில்லை. அவர்கள் நகர்ந்ததும் பக்கத்தில் நின்ற பையன்கள் இரண்டு பேர் அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அந்தப் பெண்கள் காதில் விழாமல் இருக்காது.

வட்டாரப் பேச்சைப் பற்றி எழுதும்போது நாம் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போகிறோம். இந்த மௌனத்தையும் எழுத வேண்டும். பேச்சைக் கேலி செய்தால் பேச்சு திருந்தாது, பேசுகிறவர் பேசாமல் போய்விடுவார். சந்தையில் பேசாமல் போனால் விலை பேச முடியாது. ஆஸ்பத்திரியில் பேசாமல் போனால் நோயைச் சொல்ல முடியாது. "வவுறு நோவுது" என்று ஒருத்தி சொன்னால் அது வயிற்று வலி. "ஒடம்பு காயுது" என்றால் காய்ச்சல். வேறு மாவட்டத்திலிருந்து வந்த மருத்துவருக்கு இந்தச் சொற்கள் முதல் நாளில் புதிதாக இருக்கலாம். "எப்பலேர்ந்து நோவுது?" என்று அவர் அதே சொல்லால் திருப்பிக் கேட்டால் போதும், அந்தப் பெண் மடை திறந்தாற்போல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

பிற்பகலில் ஓர் இ-சேவை மையம். மேசைக்கு அந்தப் பக்கம் கணினியோடு ஓர் இளைஞர், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் உறையில் தாள்களோடு ஒரு தாயும் பத்து வயதுப் பையனும். பையனுக்கு ஏதோ சான்றிதழ் வேண்டும்.

"அவங்க அப்பா பேரு சொல்லுங்கம்மா."

அந்தம்மா கணவன் பெயரை வாயால் சொல்கிறவள் இல்லை. மகன் தோளைத் தொடுகிறாள். "சொல்லுடா."

"ஏயுமல."

இளைஞர் இந்த ஊர்க்காரர். தயங்காமல் 'ஏழுமலை' என்று அடிக்கிறார். திருப்பதி ஏழு மலையானின் பெயர். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இந்தப் பெயரில் இருப்பார். பிறகு அவர் உறையிலிருந்து தாள்களை எடுத்து அடுக்குகிறார். ஒன்றில் தமிழில் 'ஏளுமலை'. அதிலேயே ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு 'எல்'. இன்னொன்றில் அதே இடத்தில் 'இசட் எச்'. மூன்றாவதில் பெயரின் முன்னால் ஒரு 'ஒய்'. தமிழில் ஏகாரத்தில் தொடங்கும் சொல்லை உச்சரிக்கும்போது மெல்லிய யகரம் முன்னால் வந்து விழுவது வழக்கம், அதையும் யாரோ காதால் கேட்டு அப்படியே எழுதியிருக்கிறார்.

"இது மூணும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான் தம்பி. எங்க வூட்டுக்காருதான்."

அவள் சொல்வது உண்மை. கணினிக்கு அது மூன்று ஆள். இனி இந்தக் குடும்பம் ஒரு தாளை இன்னொரு தாளோடு பொருத்த அலைய வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது, ரேஷன் கார்டு எடுக்கும்போது, ஆதாருக்குப் பதியும்போது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய் சொன்னது, ஒரு காது கேட்டது, ஒரு கை எழுதியது. பெயருக்கு உரியவர் எழுத்தறியாதவராக இருந்தால் எழுதியதைச் சரிபார்க்கவும் வழியில்லை. வட்டார உச்சரிப்பு எழுத்துக்கூட்டலைத் தொடும் இடங்களில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

தனி மனிதர் பெயருக்கு மட்டும் வந்த சிக்கல் என்று இதைச் சொல்ல முடியாது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. விழுப்புரத்துக்கு ஆங்கிலத்தில் நெடுநாளாக இருந்த இரட்டை 'எல்' போய் 'இசட் எச்' வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் கோயம்புத்தூர், வேலூர் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுத்தைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழை அறிந்த அரசாங்கமே தமிழ் ஒலியை வேற்று எழுத்தில் பிடித்துக் காட்ட இவ்வளவு திணறும்போது, மேசைக்கு முன்னால் நிற்கும் தாயைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மாலையில் தெருத் திண்ணை ஒன்றில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட திண்ணை வகுப்புகள் ஊர்தோறும் பரவின. பாடம் சொல்கிறவர் கல்லூரி முடித்த ஒரு பெண். சொல்வதை எழுதும் பயிற்சி நடக்கிறது. அவர் சொன்னது 'விளக்கு'. ஒரு சிறுமி நோட்டில் 'வெளக்கு' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்துப் பையன் நோட்டில் 'துடைப்பம்' என்பது 'தொடப்பம்'. அவர் இரண்டு நோட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு எல்லோரையும் தன் பக்கம் பார்க்கச் சொல்கிறார்.

"நாம வூட்ல எப்படிச் சொல்லுவோம்? வெளக்குன்னுதான சொல்லுவோம். அது தப்பில்ல. எழுதறப்ப 'வி' போடணும். எல எழுதறப்ப என்னா போடுவீங்க?"

"இ!"

"வெல?"

"வி!"

"கெழக்கு?"

"கி!"

அதற்குப் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே சொற்களைத் தேடிக் கொண்டுவருகிறார்கள். நெலம், செலந்தி, வெதை. ஒவ்வொன்றுக்கும் எழுத்து என்னவென்று அவர்களே சொல்கிறார்கள். தப்பாக எழுதிய சிறுமிதான் அதிகம் சொன்னாள். அவள் எழுதிய 'வெளக்கு' தப்பெழுத்து என்பதைவிட, அவள் காது சரியாகக் கேட்டதற்குச் சான்று. வாய்மொழியிலிருந்து எழுத்துக்குப் போகும் பாதையை அந்த ஆசிரியை காட்டினார், அவள் நடந்துவிட்டாள். பேச்சை மட்டம் தட்டாமல் எழுத்தைக் கற்பிக்க முடியும் என்பதற்கு இந்தத் திண்ணையைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

எழுத்து மாறாமல் வானத்திலிருந்து இறங்கியது போல நாம் நினைத்துக்கொள்கிறோம். இதே மாவட்டத்தில், திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில், பாறையில் வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று 1981-இல் கண்டெடுக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கொடையைச் சொல்வது. ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அந்த வரியில் பள்ளி என்ற சொல் ஒற்றை ளகரத்தோடு 'பளி' என்று இருப்பதாகச் சில அறிஞர்கள் படிக்கிறார்கள். அன்றைய எழுத்து முறை அது. இன்று ஒரு பிள்ளை அப்படி எழுதினால் அடித்துத் திருத்துவோம். எழுத்துக்கும் காலம் உண்டு, வளர்ச்சி உண்டு.

நம் இலக்கணக்காரர்களும் வட்டாரச் சொல்லை வாசலில் நிறுத்தவில்லை. தொல்காப்பியம் சொற்களை நான்கு வகையாக்கியபோது திசைச்சொல்லுக்கு அதில் ஓர் இடம் கொடுத்தது. நன்னூல் மரூஉ என்ற பெயரில் சிதைந்து வழங்கும் சொற்களை இயல்பு வழக்கில் சேர்த்தது. தெருக்கூத்தில் ராஜா வேடம் ஏட்டுத் தமிழ் பேசும், கட்டியங்காரன் ஊர்ப் பேச்சைப் பேசுவான். சனங்கள் கதையைப் பிடித்துக்கொள்வது பாதி அவன் வாயால்தான். இரண்டு தமிழும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்று நடுநாட்டுக் கூத்துக்கு எப்போதோ தெரியும்.

அச்சுக்கு இந்தப் பேச்சு வந்தது பிறகுதான். கரிசல் மண்ணுக்கு 1982-இல் கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அந்த வழியில் விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து தொகுத்தது கிடையாது அது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ் பழுது பார்த்துக்கொண்டே சொற்களைச் சேர்த்தவர் அவர். எழுத்தாளர் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது நடுநாட்டுப் பேச்சில் ஒரு நாவலின் துயரம் முழுவதையும் சொல்ல முடியும் என்று தெரிந்தது. அவருக்குச் 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மல்லாட்டையும் கொல்லியும் பேசும் மக்களின் மொழி டெல்லி வரை போய்த் தலை நிமிர்ந்து நின்றது.

ஊர்ப் பேச்சை எழுத்தில் ஏற்றியதற்கு வெளிநாட்டிலும் முன்மாதிரி உண்டு. நார்வே நாட்டில் ஈவார் ஆசன் என்பவர் 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் பேச்சைக் கேட்டு எழுதினார். அதிலிருந்து ஓர் எழுத்து மொழியையே உருவாக்கினார். 1885-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் அதற்கு மற்ற எழுத்து மொழியோடு சமமான இடம் கொடுத்தது. நீநொர்ஸ்க் என்ற பெயரில் இன்றும் அது பள்ளிகளில் இருக்கிறது. நமக்குப் புதிய எழுத்து மொழி தேவையில்லை. ஊருக்கு ஊர் பேச்சு வேறானாலும் சங்கராபுரத்தையும் யாழ்ப்பாணத்தையும் சிங்கப்பூரையும் ஒரே பக்கத்தில் படிக்க வைக்கிற பொது எழுத்து நமக்கு இருக்கிறது. அது பெரிய செல்வம், அதைக் காப்பாற்ற வேண்டும். ஆசனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய காதைத்தான். குடியானவன் பேச்சு குறிப்பேட்டில் ஏறத் தகுந்தது என்று அவர் நம்பினார்.

இன்று சங்கராபுரத்தில் ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீடு குறைவு. பேசினால் எழுதிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. ஒரு பெரியவர் அதைப் பார்த்து "மல்லாட்டை வெல" என்றால் அது திகைக்கலாம். கருவி அந்தப் பேச்சைப் போதுமான அளவு கேட்டதில்லை. யாருடைய பேச்சு எழுதி வைக்கப்படுகிறதோ அந்தப் பேச்சைத்தான் நாளைய கருவிகள் கற்கும். எழுதப்படாத பேச்சு, மரத்தடிப் பெண்களைப் போல, எல்லா மேசைக்கு முன்னாலும் வாயடைத்து நிற்க நேரிடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, பிள்ளை 'வெளக்கு' என்று எழுதினால் அதன் வீட்டுப் பேச்சைக் குற்றம் சொல்லாமல் எழுத்தைத் திருத்துங்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் எழுதுகிறவர்களே, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, கையில் இருக்கும் பழைய தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பதியுங்கள். அந்த இரண்டு நிமிடம் ஒரு குடும்பத்துக்குப் பல நாள் கூலியை மிச்சப்படுத்தும். நடுநாட்டு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஆயாவும் தாத்தாவும் சொல்லும் சொற்களை அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் சொன்ன ஒலிப்பிலேயே எழுதுங்கள், பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள், ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.